நிலவில் கரை சேர்ந்த கலம்

மனிதன் வானத்தை அண்ணாந்து பார்க்கத் தொடங்கிய நாள்தொட்டே நிலவோடு உறவு கொண்டாடி வந்திருக்கிறான். சோறூட்டும் தாய் அதைக் காட்டிக் குழந்தையின் அழுகையை நிறுத்தினாள். பஞ்சாங்கம் கணித்தவர் அதை நவக்கிரகங்களுள் ஒன்றாக வைத்து எண்ணினார். கடலோரத்தில் வாழ்ந்த மீனவரோ அதன் வளர்பிறை தேய்பிறையைப் பார்த்து நீரின் ஏற்றத்தையும் வற்றத்தையும் அறிந்துகொண்டார். இன்றைய அறிவியல் நிலவைக் கோள் என்று சொல்லாமல் பூமியின் துணைக்கோள் என்று சொல்கிறது. எனினும் ஓர் ஆளில்லாக் கலம் பகை நிறைந்த வேற்று மண்ணில் இறங்குவது எப்படி, இறங்கி அம்மண்ணை ஆராய்வது எப்படி என்பதை நாம் கற்றுக்கொள்ள நிலவைவிட நல்ல பாடசாலை வேறில்லை. இந்தியாவின் சந்திரயான்-3 கலம் 2023ஆம் ஆண்டு அங்கே இறங்கிய வரலாற்றை என் அறிவுக்கு எட்டிய அளவில் இக்கட்டுரையில் எடுத்துக் கூற முயல்கிறேன்.

கேள்வி பிறந்த இடம்

நான் அனுப்பம்பட்டிலிருந்து கல்லூரிக்கு வருகிறவள். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் இடையில் இரயில் ஒரு நிமிடம் நின்று புறப்படுமே, அந்த ஊர். ஊர்ப் பெயரிலேயே ‘அனுப்பு’ என்னும் சொல் இருப்பதால், ‘இராக்கெட்டை உங்கள் ஊரிலிருந்துதான் அனுப்புகிறார்களா?’ என்று வகுப்புத் தோழியர் கேலி செய்வதுண்டு. அனுப்புவது எங்கள் ஊர் அன்று. என் தாய் பிறந்த குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. அந்த ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. அங்கே கலம் எழும்பினால் குப்பத்து மணலில் நின்றபடியே பார்க்கலாம். ஏவுதளம் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதால் முதலில் ஒளி மட்டும் தெரியும். ஒன்றரை நிமிடம் கழிந்த பிறகே இடி உருளுவதுபோல் ஓசை வந்து சேரும். ஒலியின் வேகத்தை நான் பாடநூலில் படிக்கும் முன்பே அந்த மணலில் கற்றுவிட்டேன்.

என் தாத்தா, அதாவது என் தாயின் தந்தை, ஏரியிலும் கடலிலும் வலை வீசி வாழ்ந்தவர். 1979 ஆகஸ்டு 10ஆம் நாள் இந்தியாவின் முதல் எஸ்.எல்.வி.-3 ஏவுகலம் எழும்பிக் கடலில் விழுந்ததும், 1980 ஜூலை 18இல் அடுத்தது வெற்றி பெற்றதும் அவர் இளைஞராக இருந்தபோது நடந்தவை. கலம் ஏவப்படும் நாள்களில் கடலுக்குப் போகவேண்டாம் என்று குப்பங்களுக்கு அறிவிப்பு வரும். எரிந்து முடிந்த பகுதிகள் கடலில் விழுமாதலால், மீனவர் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. அதை யாரும் குறை சொல்வதில்லை. ஆயினும் அன்றைய தொழில் அன்றோடு போனதுதான்.

2019ஆம் ஆண்டு நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தேன். சந்திரயான்-2 நிலவுக்குப் புறப்பட்ட சமயத்தில் தாத்தா என்னைக் கேட்டார்: “அன்னிக்கெல்லாம் நாங்க கரையிலேயே குந்தினு இருக்கோம். மேல போனது அங்க போயி இன்னா பண்ணுது? ஒருத்தரும் நமக்கு வெளங்கற மாதிரி சொல்ல மாட்றாங்க. நீ படிக்கிற பொண்ணுதானே, நீ சொல்லேன் கண்ணு.”

நான் பெருமையோடு, “சாஃப்ட் லேண்டிங் பண்ணப் போகுது தாத்தா” என்றேன். “அப்டீன்னா?” என்றார். அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று நான் அடைந்த வெட்கம் இன்றும் மறக்கவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு ஆறு ஆண்டுகள் கழித்து நான் எழுதும் விடை.

பகை மண்

நிலவு நம்மிடமிருந்து சராசரியாக 3,84,400 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்கே காற்று இல்லை. ஆகவே வெயிலைத் தணிக்கவோ குளிரை மட்டுப்படுத்தவோ எதுவும் இல்லை. ஒரு பகல் நம் கணக்கில் ஏறத்தாழ 14 நாள் நீளும். அதைத் தொடர்ந்து வரும் இரவும் அவ்வளவே. பகலில் தரை அடுப்பிலிட்ட சட்டிபோல் காயும். இரவில் வெப்பநிலை மைனஸ் 100 டிகிரிக்கும் வெகு கீழே இறங்கும். மண்ணோ மாவுபோல் நுண்ணிய தூள். பள்ளங்களும் பாறைகளும் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே முழுவதும் சொல்ல முடியாது.

பகை மண் எல்லாம் ஒரே வகையான பகையைக் காட்டுவதில்லை. வெள்ளிக் கோளின் தரையில் வெப்பம் 460 டிகிரி அளவில் இருக்கிறது. காற்றின் அழுத்தம் பூமியைப்போல் ஏறத்தாழ 90 மடங்கு. 1970 டிசம்பர் 15இல் சோவியத் நாட்டின் வெனேரா-7 அங்கே இறங்கி, வேறொரு கோளின் தரையிலிருந்து முதன்முதலாகச் செய்தி அனுப்பியது. அது பேசியது 23 நிமிடங்கள் மட்டுமே. 1982 மார்ச்சு 1இல் இறங்கிய வெனேரா-13 இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் தாக்குப்பிடித்து வண்ணப் படங்களை அனுப்பியது. செவ்வாயில் காற்று உண்டு என்றாலும் மிக மெல்லியது. 1976 ஜூலை 20இல் அமெரிக்காவின் வைக்கிங்-1 குடைவிரிப்பையும் எதிருந்து இயந்திரங்களையும் சேர்த்துப் பயன்படுத்தி அங்கே இறங்கியது.

நிலவிலோ குடை விரித்துப் பயனில்லை, பிடித்து நிறுத்தக் காற்று வேண்டுமல்லவா? அங்கே வேகத்தைக் குறைக்க ஒரே வழிதான் உண்டு. போகும் திசைக்கு எதிராக இயந்திரத்தை எரித்து, கலம் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளவேண்டும். 1966 பிப்ரவரி 3இல் சோவியத் நாட்டின் லூனா-9 இதை முதலில் செய்து காட்டியது. அமெரிக்காவும், 2013இல் சீனாவும் செய்தன. இதைச் செய்து காட்டும் நான்காவது நாடாகவேண்டும் என்று இந்தியா முயன்றது.

யாரும் ஓட்டாத கலம்

இங்கே ஓர் ஐயம் எழலாம். பெங்களூரில் அத்தனை அறிஞர்கள் கணிப்பொறிகளின் முன் அமர்ந்திருந்தார்களே, அவர்கள்தானே கலத்தை ஓட்டினார்கள்? இல்லை. வானொலி அலை நிலவுக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 2.6 வினாடி ஆகும். இறங்கத் தொடங்கும்போது கலத்தின் வேகம் வினாடிக்கு 1.68 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். ‘முன்னே பள்ளம் இருக்கிறது’ என்று கலம் சொல்லி, ‘விலகிப் போ’ என்னும் நம் மறுமொழி சென்று சேர்வதற்குள் அது நான்கு கிலோமீட்டரைக் கடந்திருக்கும். ஆதலால் இறங்கும் நேரத்தில் எல்லா முடிவுகளையும் கலமே எடுத்தாகவேண்டும். கீழே இருப்பவர்கள் பார்வையாளர்களே.

தாத்தாவுக்கு இதை விளக்க நான் சிரமப்படவில்லை. பழவேற்காட்டில் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று திட்டாக இருக்கும். இருட்டில் படகைக் கொண்டுவருகிறவர் கோலை ஊன்றி ஆழம் பார்த்து, அலையின் சத்தத்தைக் கேட்டு, தானே முடிவு செய்யவேண்டும். கரையில் நிற்பவர் கூவினால் காற்றில் கேட்காது. நிலவில் இறங்கும் கலத்தின் நிலையும் இதுவே. கோலுக்குப் பதிலாக லேசர் ஒளியையும் வானொலி அலையையும் தரையில் மோதவிட்டு உயரத்தை அளக்கிறது. கண்ணுக்குப் பதிலாகப் படக்கருவிகள் இருக்கின்றன. ஓட்டுகிறவனின் அறிவுக்குப் பதிலாக, முன்கூட்டியே எழுதிவைத்த கணிப்பொறி நிரல் இருக்கிறது.

2019: தவறிய கலம்

2019 ஜூலை 22இல் புறப்பட்ட சந்திரயான்-2இன் இறங்குகலமான விக்ரம், செப்டம்பர் 7ஆம் நாள் பின்னிரவில் இறங்க முற்பட்டது. தொலைக்காட்சித் திரையில் பச்சைக் கோடு ஒன்று குறித்த பாதையில் வந்துகொண்டிருந்தது. பின்னர் விலகியது. பின்னர் நின்றுவிட்டது. விக்ரம் தரையில் மோதி உடைந்தது. அன்று இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக இருந்த கே. சிவன் அவர்கள் கண்ணீர் விட்டதை நாடே பார்த்தது. கன்னியாகுமரி மாவட்டத்தில் உழவர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்று உயர்ந்தவர் அவர்.

தோல்வியின் காரணங்களைப் பின்னர் தலைவரான எஸ். சோமநாத் அவர்கள் 2023இல் வெளிப்படையாகவே எடுத்துரைத்தார். அவற்றை எளிய முறையில் இவ்வாறு கூறலாம்.

முதலாவது, வேகத்தைக் குறைக்கும் ஐந்து இயந்திரங்களும் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிக விசையைத் தந்தன. அதிக விசை நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கலம் படம் எடுப்பதற்காகத் தன் நிலையை மாற்றாமல் வைத்திருக்கவேண்டிய ஒரு கட்டத்தில் அந்தப் பிழையைத் திருத்த வழியில்லாமல், பிழைமேல் பிழை சேர்ந்துவிட்டது.

இரண்டாவது, சேர்ந்துபோன பிழையைத் திருத்தக் கலம் மிக விரைவாகத் திரும்பவேண்டியிருந்தது. ஆனால் எவ்வளவு விரைவாகத் திரும்பலாம் என்பதற்கு நிரலில் ஒரு வரம்பு விதிக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது, இறங்குவதற்குக் குறித்த இடம் 500 மீட்டர் நீளமும் 500 மீட்டர் அகலமும் கொண்ட சிறு பரப்பு. தரையை நெருங்கிய நிலையிலும், அந்த இடத்தைப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகக் கலம் தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டிருந்தது.

இந்த மூன்றையும் நான் கூறியபோது தாத்தா மூன்றாவதையே பிடித்துக்கொண்டார். “தெரியாத கரையில, இங்கதான் எறங்குவேன்னு அடம் புடிக்கலாமா? எங்க மணல் எடம் குடுக்குதோ அங்கதான் எறங்கணும்” என்றார். வேகமும் விசையும் பற்றி மூன்று ஆண்டு படிக்கும் எனக்கு இந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருப்பதாகப்பட்டது. ஏனெனில் சந்திரயான்-3ஐ வடிவமைத்தவர்களும் அதே முடிவுக்குத்தான் வந்திருந்தார்கள்.

தோல்வியை முன்வைத்து ஒரு வடிவமைப்பு

‘எல்லாம் சரியாக நடந்தால் எப்படி வெற்றி பெறுவது?’ என்று எண்ணுவது ஒரு முறை. ‘எவையெல்லாம் தவறும்? தவறினாலும் எப்படி இறங்குவது?’ என்று எண்ணுவது மற்றொரு முறை. சந்திரயான்-3 இந்த இரண்டாம் முறையில் உருவானது. இறங்கும் பரப்பு 4 கிலோமீட்டர் நீளமும் 2.4 கிலோமீட்டர் அகலமுமாக விரிவாக்கப்பட்டது. ஐந்து இயந்திரங்கள் நான்காயின. எரிபொருள் கூட்டப்பட்டது. வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டாலும் தாங்குமாறு கால்கள் வலுப்படுத்தப்பட்டன. தரையை நோக்கிய வேகத்தை நேரடியாக அளக்க லேசர் கருவி ஒன்று சேர்ந்தது. கலம் சற்றுத் திரும்பி நின்றாலும் மின்சாரம் கிடைக்குமாறு சூரியத் தகடுகள் கூடுதலாகப் பொருத்தப்பட்டன.

இத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் அவர்கள் விழுப்புரத்தைச் சேர்ந்தவர். இரயில்வே ஊழியரின் மகன். பள்ளிப் படிப்புக்குப் பின் டிப்ளமோ பயின்று, அங்கிருந்து படிப்படியாக முனைவர் பட்டம் வரை உயர்ந்தவர். நாள்தோறும் இரயிலில் நின்றுகொண்டே கல்லூரிக்கு வரும் எங்களுக்கு இச்செய்தி தரும் ஊக்கம் கொஞ்சமன்று.

தமிழகத்தின் பங்கு மனிதரோடு நின்றுவிடவில்லை, மண்ணும் பங்கு கொண்டது. நிலவின் மேட்டுநிலங்கள் ‘அனார்த்தோசைட்டு’ என்னும் வெளிறிய பாறையால் ஆனவை. அதே இனப் பாறை நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பகுதியில் கிடைக்கிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையினர் துணைநிற்க, அப்பாறையைப் பொடித்து நிலவின் மண்ணைப்போல் ஆக்கி, அதன்மேல் கலத்தின் கால்களையும் ஊர்தியின் சக்கரங்களையும் சோதித்தார்கள். கர்நாடக மாநிலம் சள்ளக்கெரெ அருகில் தரையில் செயற்கைப் பள்ளங்கள் தோண்டி, வானிலிருந்து கருவிகள் அவற்றை அடையாளம் காண்கின்றனவா என்றும் பார்த்தார்கள். வானத்தை அறிய முதலில் நம் காலடி மண்ணை அறியவேண்டியிருந்தது!

பத்தொன்பது நிமிடங்கள்

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை பிற்பகல் 2.35 மணி. நான் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்த நேரம். உடல்நலமில்லை என்று சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போய்விட்டேன். என் பேராசிரியப் பெருமக்கள் இப்போதாவது மன்னிப்பார்களாக! தாத்தாவோடும் ஊராரோடும் மணலில் நின்று பார்த்தேன். ஏறத்தாழ 640 டன் எடையுள்ள எல்.வி.எம்.-3 ஏவுகலம் நெருப்பைக் கக்கிக்கொண்டு எழுந்தது. அதன் ஓசை வந்து எங்கள் நெஞ்சில் இடித்தபோது கலம் எங்கோ உயரத்தில் இருந்தது. அன்றும் படகுகள் கரையில்தான் இருந்தன.

பூமியைச் சுற்றிச் சுற்றி வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டு சென்ற சந்திரயான், ஆகஸ்டு 5இல் நிலவின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. ஆகஸ்டு 17இல் விக்ரம் இறங்குகலம் தனியே பிரிந்தது. அதன் வயிற்றுக்குள் பிரக்யான் என்னும் ஊர்தி இருந்தது. இரண்டும் சேர்ந்து எடை ஏறத்தாழ 1,750 கிலோகிராம், அதில் ஊர்தி மட்டும் 26 கிலோகிராம். இதற்கிடையே ஆகஸ்டு 19இல் உருசியாவின் லூனா-25 நிலவில் மோதி அழிந்தது என்ற செய்தி வந்தது. 1966இல் முதலில் இறங்கியவர்களுக்கே இந்த நிலை என்றால் நமக்கு என்ன ஆகுமோ என்று எல்லோரும் கலங்கினோம்.

ஆகஸ்டு 23 மாலை. இறங்கும் பயணம் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் உயரத்தில் தொடங்கியது. முதல் கட்டம் 690 வினாடி. படுத்த நிலையில் பறந்த விக்ரம் நான்கு இயந்திரங்களையும் முன்னோக்கி எரித்துத் தன்னைத் தடுத்துக்கொண்டது. இந்த ஒரு கட்டத்தில் அது நிலவின்மேல் கடந்த தொலைவு ஏறத்தாழ சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் தொலைவு! கட்டத்தின் முடிவில் உயரம் 7.4 கிலோமீட்டர் அளவாகவும், வேகம் வினாடிக்கு 358 மீட்டர் அளவாகவும் குறைந்தன. அடுத்துச் சில வினாடிகள் நிலையாக இருந்து, கருவிகளால் தரையைப் பார்த்துத் தன் இருப்பிடத்தைச் சரிசெய்துகொண்டது. 2019இல் பிழை சேர்ந்தது இத்தகைய கட்டத்தில்தான் என்பதை நினைவிற்கொள்க. மூன்றாவது கட்டத்தில் படுத்திருந்த கலம் மெல்ல நிமிர்ந்து செங்குத்தாயிற்று. 800 மீட்டர் உயரத்திலும் 150 மீட்டர் உயரத்திலும் ஹெலிகாப்டர்போல் நின்று, கீழே பாறையோ பள்ளமோ இல்லாத இடத்தைத் தேடித் தேர்ந்தெடுத்தது.

அந்த இறுதிக் கட்டத்தின் இடரை ஒரு சிறு கணக்கால் அறியலாம். நிலவின் ஈர்ப்பு பூமியினதில் ஆறில் ஒரு பங்கு என்பது உண்மைதான். ஆயினும் 100 மீட்டர் உயரத்தில் இயந்திரங்கள் நின்றுவிட்டால் கலம் மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் தரையில் மோதும். கால்கள் தாங்கக்கூடியதோ மணிக்கு 11 கிலோமீட்டர் அளவுதான்.

தாத்தா வீட்டுத் தொலைக்காட்சியின் முன் தெருவே கூடியிருந்தது. மாலை 6.04 மணிக்கு விக்ரம் தரையைத் தொட்டது. ஒரு கணம் யாரும் பேசவில்லை. பிறகு கிளம்பிய ஆரவாரத்தை எழுத்தில் வடிக்க எனக்கு ஆற்றல் இல்லை. தாத்தா மட்டும், “மண்ணு நெறைய கெளம்பியிருக்குமே?” என்றார். கரையை நெருங்கும்போது இயந்திரத்தை அணைக்காவிட்டால் கலங்கிவரும் மணலைக் கண்டவரல்லவா! அவர் கேட்டது சரிதான். இறங்கும்போது ஏறத்தாழ 2 டன் மண்தூள், 108 சதுர மீட்டர் பரப்பில் வாரி இறைக்கப்பட்டதைப் பின்னர் சுற்றுகலத்தின் படங்கள் காட்டின.

பதினான்கு நாள் பணி

இறங்குவது பயணத்தின் முடிவு. ஆராய்ச்சிக்கோ அதுவே தொடக்கம். விக்ரம் நின்ற இடம் தென் அகலாங்கு 69 டிகிரியில், தென்துருவத்திலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவ்வளவு தெற்கே அதற்குமுன் எந்தக் கலமும் மெல்ல இறங்கியதில்லை. சூரிய ஒளியே உணவாதலால் ஒரு நிலவுப் பகலுக்குள் வேலைகளை முடித்தாகவேண்டும்.

முதல் வேலை மண்ணின் சூட்டை அளப்பது. பத்து வெப்ப உணரிகள் பொருத்திய ஒரு கோலை விக்ரம் மண்ணுக்குள் மெல்ல இறக்கியது. கேட்பதற்கு எளிது, ஆனால் செய்வதற்கு அரிது. 2018இல் செவ்வாயில் இறங்கிய அமெரிக்க இன்சைட் கலத்தின் வெப்ப ஆய்வுக்கோல் மண்ணுக்குள் புகமாட்டாமல், 2021இல் அம்முயற்சியே கைவிடப்பட்டது. நம் கோல் இறங்கியது. மேற்பரப்பில் 50 டிகிரி அளவில் சூடு இருக்க, 8 செண்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10 டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருந்ததை முதல் அளவீடுகள் காட்டின. ஒரு சாண்கூட இல்லாத ஆழத்தில் 60 டிகிரி வேறுபாடு! காரணம் என்ன? நிலவின் தூள்மண் வெப்பத்தைக் கடத்தாத பொருள். பழவேற்காட்டு இறாலை ஐஸ் போட்டு அனுப்பும் தெர்மாகோல் பெட்டி வெளி வெயிலை உள்ளே விடாததுபோல், அந்த மண்ணும் மேற்சூட்டைக் கீழே விடுவதில்லை.

2025இல் வெளியான விரிவான ஆய்வு மற்றொரு வியப்பைச் சொன்னது. விக்ரம் நின்ற இடம் சூரியனை நோக்கி 6 டிகிரி சாய்ந்த சரிவு. அங்கே மண்ணின் உச்ச வெப்பம் 82 டிகிரி. ஏறத்தாழ ஒரு மீட்டர் தள்ளிச் சமதளத்தில் 59 டிகிரி. இதனால், சூரியனுக்குப் புறங்காட்டி 14 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவுகளில், அதிக ஆழமில்லாமலேயே உறைந்த நீர் தங்கியிருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதுகின்றனர். நாளை நிலவில் மனிதன் தங்குவானாயின் அவனுக்குத் தண்ணீர் வேண்டும். எந்தச் சரிவில் தேடுவது என்பதற்கு இந்த ஒரு கோல் வழி காட்டிவிட்டது.

அடுத்தது பிரக்யான் ஊர்தியின் பணி. ஆறு சக்கரங்கள் கொண்ட அது வினாடிக்கு ஒரு செண்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. எறும்பும் அதை முந்திவிடும். அவ்வாறு நகர்ந்து மொத்தம் ஏறத்தாழ 100 மீட்டர் சென்றது. அதிலிருந்த ஒரு கருவி லேசர் ஒளியைப் பாய்ச்சி மண்ணை ஆவியாக்கி, அந்த ஆவி உமிழ்ந்த ஒளியைப் பகுத்துப் பார்த்துக் கந்தகம் இருப்பதை உறுதி செய்தது. மற்றொரு கருவி ஆல்பாத் துகள்களையும் எக்ஸ் கதிர்களையும் மண்ணின்மேல் வீசி, மண் திருப்பித் தரும் கதிர்களைக் கொண்டு தனிமங்களை அறிந்தது. 23 இடங்களில் இவ்வாறு அளந்த முடிவுகள் 2024 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் வெளியாயின.

முடிவு என்ன தெரியுமா? அந்த மண் பெரும்பாலும் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டுப் பாறையிலிருந்து வந்தது. நாமக்கல் பாறையின் இனம்! நிலவு பிறந்த புதிதில் முழுவதும் உருகிய பாறைக் குழம்பாக இருந்தது என்றும், பாலில் ஆடை மிதப்பதுபோல் எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து இறுகி நிலவின் தோலாயின என்றும் ஒரு கொள்கை உண்டு. அது உண்மையானால் நிலவின் எல்லா மேட்டுநிலங்களிலும் ஒரே வகை மண் இருக்கவேண்டும். அப்பல்லோ-16, லூனா-20 கலங்கள் நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளிலிருந்து கொண்டுவந்த மண்ணோடு தென்கோடி மண்ணும் பெரிதும் ஒத்திருந்ததால், அக்கொள்கைக்கு வலுவான சான்று கிடைத்தது.

செப்டம்பர் 3இல் விக்ரம் தன் இயந்திரங்களை மீண்டும் எரித்து, ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் எழும்பிச் சற்றுத் தள்ளி அமர்ந்தது. போனது திரும்பவும் வேண்டுமானால் எழும்பத் தெரியவேண்டும், அதற்கான சிறு ஒத்திகை அது. மறுநாள் விக்ரம் உறங்கவைக்கப்பட்டது. ஊர்தி அதற்கு முன்பே உறங்கிவிட்டது. இரவு வந்தது. மீண்டும் விடிந்தபின் செப்டம்பர் 22இல் அவற்றை அழைத்துப் பார்த்தார்கள். விடை வரவில்லை.

தாத்தாவுக்குக் கிடைத்த விடை

இவ்வளவையும் அண்மையில் ஒரு மாலை, வலை செப்பனிட்டுக்கொண்டிருந்த தாத்தாவிடம் உட்கார்ந்து தமிழிலேயே சொல்லி முடித்தேன். “சாஃப்ட் லேண்டிங்” என்ற இடத்தில் “அடிபடாமல் கரை சேர்வது” என்றேன். அவர் குறுக்கே கேட்ட கேள்விகள் பல என் பாடநூலில் இல்லாதவை. கடைசியாக, “அந்த ராத்திரிக் குளுரத் தாங்கற மாதிரி ஒண்ணு செய்ய முடியாதா?” என்றார்.

முடியும். 1970இல் சோவியத் நாடு அனுப்பிய லூனகோடு-1 ஊர்தி, கதிரியக்கப் பொருளின் வெப்பத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பல நிலவு இரவுகளைத் தாண்டியது. நம் நாட்டிலும் வேலை நடக்கிறது. நிலவின் மண்ணை எடுத்துவரும் சந்திரயான்-4 திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஜப்பானோடு சேர்ந்து 250 கிலோகிராம் எடையுள்ள ஊர்தியை இறக்கும் சந்திரயான்-5 திட்டமும் 2025இல் ஒப்புதல் பெற்றிருக்கிறது.

“அப்போ அதுக்கும் நாங்க ஒரு நாள் கரையில குந்தணும்” என்று சிரித்தார் தாத்தா. பிறகு வலையிலிருந்து கண்ணெடுக்காமல், “குந்தறோம். இன்னா எதுக்குன்னு தெரிஞ்சுனு குந்தினா அது வேற மாதிரி” என்றார்.

நண்பர்களே! வானத்தில் எழும் ஒவ்வொரு கலத்துக்கும் பின்னால் அறிஞர்களின் உழைப்பு இருக்கிறது, வரி கொடுத்தவர்களின் பணம் இருக்கிறது. எங்கள் ஏரிக்கரையில் ஒரு நாள் வலையை மடித்து வைத்தவர்களின் பங்கும் இருக்கிறது. பங்கு கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லவேண்டியது கடமையன்றோ? அறிவியல் பயிலும் நாம் ஒவ்வொருவரும் வகுப்பில் கற்றதை, வீட்டுத் திண்ணையில் நம் தாய்மொழியில் ஒருமுறை சொல்லிப் பார்ப்போம். சொல்ல முடிந்தால் நாம் கற்றிருக்கிறோம் என்று பொருள். முடியாவிட்டால், விக்ரமைப்போல் பிழையைக் கண்டறிந்து மீண்டும் முயல்வோம். இரண்டாம் முறை கரை சேரலாம்.